அடிக்காமல் விட்ட வரி

அரசாங்க உத்தியோகத்தில் நான் கையெழுத்திட்ட அச்சுப் படிவங்களுக்குக் கணக்கில்லை. 'பொருந்தாததை அடிக்கவும்' என்று அவற்றில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வாசகத்தின் அருமை, சில வருஷங்களுக்கு முன் காக்ஸ் டவுனில் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் பழைய வருஷத்து வருமான வரி அபராத நோட்டீஸுடன் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. "நான் பண்ணின தப்பு என்னன்னே இதுல போடலையே, ஸார்!" என்றார்.

1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் 271(1)(சி) பிரிவு இரண்டு குற்றங்களைச் சொன்னது. ஒன்று, வருமானத்தை மறைத்தல். மற்றொன்று, தவறான விவரம் தருதல். ஏய்க்க முயன்ற வரியைப்போல் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை அபராதம். ஆனால் 274ஆம் பிரிவுப்படி, நம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் அபராதம் போட முடியாது. அதற்கான நோட்டீஸ்தான் பல சமயம் இரண்டில் எதையும் அடிக்காமல் வந்தது.

இந்தக் கேள்வி, மஞ்சுநாதா காட்டன் அண்ட் ஜின்னிங் ஃபாக்டரி முதலான வழக்குகளில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. எல்லாக் காரணங்களும் அச்சிட்ட படிவத்தை அப்படியே அனுப்பினால் சட்டம் கேட்பது நிறைவேறாது. ஒரு குற்றத்துக்கு நோட்டீஸ் தந்து வேறு குற்றத்துக்கு அபராதம் போடுவதும் செல்லாது என்று 2012 டிசம்பர் 13 அன்று தீர்ப்பாயிற்று. இதைப் பின்பற்றிய எமரால்ட் மெடோஸ் வழக்கில் வரித்துறையின் மனுவை 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

'ஏமாற்றுபவன் தப்பிக்க இது ஒரு சந்து' என்பார்கள் சிலர். நான் ரசாயனம் படித்தவன். 'அமிலம் அல்லது காரம்' என்று சீட்டு ஒட்டிய புட்டியை யாராவது தைரியமாகக் கையாள்வார்களா? குற்றம் எது என்று தெரியாதவன் எதற்குப் பதில் சொல்வான்?

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. 2018இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதே வாதத்தை ஏற்கவில்லை. கீழே எங்கும் எழுப்பாமல் உயர் நீதிமன்றத்தில் முதல்முறையாக எழுப்பியிருந்தார்கள். நோட்டீஸால் பாதிப்பும் ஏற்படவில்லை என்றது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வோ, அடிக்காத நோட்டீஸ் நடவடிக்கையையே கெடுத்துவிடும் என்றது.

2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் அந்தப் பிரிவின் இடத்தில் 270ஏ வந்துவிட்டது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் 50 சதவீதம், தவறாகக் காட்டினால் 200 சதவீதம். ஆக, எந்தக் குற்றம் என்ற கேள்வி இன்னும் கனமாயிற்று.

நண்பர் தம் முதல் பதிலிலேயே ஆட்சேபத்தை எழுதினார். மேல்முறையீட்டில் அபராதம் ரத்தாயிற்று. அன்பர்களே, நோட்டீஸ் வந்தால் பயந்து பெட்டியில் பூட்டாதீர்கள். பொடி எழுத்தையும் படியுங்கள்; கெடுவுக்குள் பதில் எழுதுங்கள்.