‘உயர்ந்த’ வாழ்வா, ‘எளிய’ வாழ்வா: ஜே. சி. குமரப்பா செய்த சொல் திருத்தம்

வளங்குன்றா வளர்ச்சி என்னும் தொடர் 1987ஆம் ஆண்டின் ப்ரண்ட்லண்ட் குழு அறிக்கைக்குப் பின்னரே உலகெங்கும் பரவியது. அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, 1945இல், அதே கவலையைத் தலைப்பில் தாங்கி ‘எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. 1942 போராட்டக் காலத்துச் சிறைவாசத்தின்போது ஜபல்பூர் சிறையில் அதை எழுதியவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா (1892–1960).

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற பெயரோடு வளர்ந்த அவர் லண்டனில் பட்டயக் கணக்கராகப் பயின்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் படித்தபோது, இந்தியாவின் வறுமைக்கும் பிரிட்டிஷ் அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பு அவருடைய ஆய்வுப்பொருளாயிற்று. 1929இல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவின் பொருளியல் நிலையை ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேனாட்டு உடையும் கொர்னேலியஸ் என்ற பெயரும் விலக, கதரும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவும் நிலைத்தன.

பெயரை மாற்றிக்கொண்டவர் பொருளியலின் சொற்களையும் ஐயுற்றார். வாழ்க்கைத்தரத்தை ‘உயர்ந்தது’, ‘தாழ்ந்தது’ என்று பிரிக்கும் வழக்கை அவர் ஏற்கவில்லை. அச்சொற்களுக்குள்ளேயே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. தாழ்ந்ததை யாரும் விரும்பித் தேர்வதில்லை. ‘சிக்கலானது’, ‘எளியது’ என்று சொல்வதே தகும் என்றார். தேவைகளின் எண்ணிக்கை மிகுவதால் மட்டும் மனிதன் உயர்ந்துவிடுவதில்லை என்பதே இத்திருத்தத்தின் உட்பொருள்.

இயற்கை வளத்தையும் அவர் இரண்டாக வகுத்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை தேக்கிவைத்த நீர் போல எடுக்க எடுக்கக் குறைபவை. அவற்றுக்கான போட்டி போரில் முடியும். பயிரும் காட்டுமரமும் ஓடும் நீர் போலப் புதுப்பிக்கப்படுபவை. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராக வார்தாவின் மகன்வாடியில் பணியாற்றியபோது இக்கருத்துக்குக் கைப்பொருளாகவே வடிவம் கிடைத்தது. அங்கு உருவான ‘மகன் தீபம்’ மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரிந்த விளக்கு. ஊரில் விளையும் வித்து, ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெய், ஊர்வீட்டில் வெளிச்சம்.

உழைப்பைக் கூலிக்கான சுமையாக மட்டும் கருதும் பொருளியலையும் அவர் மறுத்தார். உடலுக்கு உணவு எப்படியோ, அப்படியே மனிதனின் உயர் ஆற்றல்களுக்கு நல்ல உழைப்பு. ஒருவர் எதை வாங்குகிறார் என்பதும் அறம் சார்ந்த செயலே. ஒரு பொருளை வாங்கும்போது அது உருவான முறைக்கும் பொறுப்பேற்கிறோம். ஆகவே நிறைவான வாழ்வும் நிலைத்த வாழ்வும் அவருடைய சிந்தனையில் இருவேறு இலக்குகள் அல்ல. முதலாவதைத் தேடும் வழியிலேயே இரண்டாவதும் கிட்டுகிறது.

இது ஏழையிடம் ‘இருப்பதைக்கொண்டு அமைதி கொள்’ என்று ஓதும் உபதேசமாகத் திரிபடும் ஆபத்து எப்போதும் உண்டு. குமரப்பா அதற்கு இடம் தரவில்லை. தேர்ந்துகொண்ட எளிமை வேறு, திணிக்கப்பட்ட வறுமை வேறு என்பதை மாதர் தாலுகாவின் கணக்குகளைத் தொகுத்தவர் அறிந்திருந்தார். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் நில உறவுகளை ஆராய அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். உழுபவருக்கும் அரசுக்கும் நடுவே இடைத்தரகர் கூடாது என 1949இல் அக்குழு பரிந்துரைத்தது. தனிமனித ஒழுக்கம் நிலச்சீர்திருத்தத்துக்கு மாற்றாகாது என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

பெருந்தொழில்களை நோக்கித் திரும்பிய புதிய அரசு அவர் வழியை ஏற்கவில்லை. இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்த அவர், காந்தி மறைந்த அதே ஜனவரி 30இல், 1960ஆம் ஆண்டு மறைந்தார். 1973இல் ஷூமாக்கரின் ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ அவரை மேற்கோள் காட்டியபோது மேலைநாட்டு வாசகர் பலர் அப்பெயரை அறிந்தனர்.

‘வாழ்க்கைத்தர உயர்வு’ என்று இன்றும் எழுதுகிறோம். குமரப்பா திருத்திய சொல் இன்னும் திருந்தவில்லை.