ஆய்வுகூடமும் கணனியும்: மின்சுற்றுக் கல்வியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மின்சுற்றுக்களைக் கற்பிக்கும் முறைகள் இன்று இரண்டாக வகுத்துப் பேசப்படுகின்றன. தடை, கொள்ளளவி, திரான்சிற்றர் ஆகியவற்றைக் கையால் இணைத்து அளந்தறியும் ஆய்வுகூடச் செய்முறை ஒன்று. அதே சுற்றைக் கணனிக்கு எழுதிக் கொடுத்து அதன் நடத்தையைக் கணித்தறியும் பாவனைமுறை மற்றொன்று. 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோயினால் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, பல இடங்களிற் பின்னையது முன்னையதன் இடத்தைப் பெற்றது. செலவு மிகுந்த ஆய்வுகூடம் இனியும் வேண்டுமா என்ற வினாவும் இதனால் வலுப்பெற்றது. இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியோர் பொறியியலாளரே. எனினும் இவ்விரு முறைகளும் எத்தேவை கருதித் தோன்றின என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்தல் அவ்விடையைத் தெளிவாக்கும். அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவரும் மின்னோட்ட விதிகளும்

மின்சுற்றுக் கணிப்புக்கு அடிப்படையான இரு விதிகளைக் குஸ்தாவ் கிர்க்கோவ் 1845இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பிரான்ஸ் நொய்மனின் ஆய்வு வகுப்பில் மாணவராயிருந்தார். ஒரு சந்தியை வந்தடையும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை, அதைவிட்டு நீங்குவனவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்பது அவற்றுள் ஒன்று. இன்றைய கணனிப் பாவனைமுறையின் அத்திவாரமும் அந்த வகுப்பறையிலேயே இடப்பட்டதெனலாம்.

1846இல் வில்லியம் தொம்சன், பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பட்டவர், தமது 22ஆம் வயதிற் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். பயன்பாடற்றுக் கிடந்த திராட்சைமது நிலவறையொன்றை அவர் ஆய்வுகூடமாக்கினார். அங்கு மாணவர் தாமாக முன்வந்து அளவீடுகளைச் செய்தனர். இறையியல் பயிலவிருந்தோரும் அவருள் இருந்தனர் என்பது கலைப்பீட மாணவராகிய நாம் மனங்கொள்ளத்தக்கது. அட்லாண்டிக் சமுத்திரத்தினூடாகத் தந்திவடம் இடும் முயற்சி நடைபெற்ற அக்காலத்தில், செப்புக் கம்பிகளின் கடத்துதிறன் மாதிரிக்கு மாதிரி பெரிதும் வேறுபடுவதைத் தொம்சன் 1857இல் அறிவித்தார். செம்பு என ஒரே பெயரில் விற்கப்பட்டது ஒரே பொருளாயிருக்கவில்லை. தூய்மையின் சிறு வேறுபாடு கடத்துதிறனைப் பெரிதும் மாற்றியது. ஏட்டிலே எழுதப்படாத இவ்வுண்மையை வெளிப்படுத்தியது அளவீடே.

தொம்சனிடம் பயின்ற வில்லியம் அயேட்டன் 1873இல் ஜப்பான் சென்று, தோக்கியோவிலிருந்த பொறியியற் கல்லூரியிற் கற்பித்தார். பின்னர் இலண்டனில் 1883இற் கட்டடம் திறக்கப்பட்ட பின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில், மாணவர் ஒவ்வொருவரும் கருவியைத் தாமே கையாளும் முறையை வளர்த்தார். விரிவுரை மேசையில் ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் பார்த்திருந்த பழைய வழக்கம் இவ்வாறு மெல்ல மாறலாயிற்று.

சிலிக்கனும் ஒரு வகுப்புப் பயிற்சியும்

திரான்சிற்றர் 1947இல் தோன்றியபின்னும் இம்முறை நிலைத்தது. சுற்றைப் பலகையில் இணைத்துச் சோதித்து, குறை கண்டவிடத்து ஒரு தடையை அகற்றி இன்னொன்றை இடுதல் எளிதாயிருந்தது. ஆனால் 1958, 1959ஆம் ஆண்டுகளில் உருவான ஒருங்கிணைந்த சுற்று இதற்கு இடந்தரவில்லை. சிலிக்கன் துண்டொன்றின் மேல் யாவும் ஒன்றாகவே ஆக்கப்படுவதால் ஓருறுப்பைத் தனியே மாற்ற முடியாது. சிறு திருத்தத்துக்கும் புதிதாக ஆக்கவேண்டும். பலகையில் அமைத்துப் பார்ப்பதும் போதாது. பலகைக் கம்பிகளின் கொள்ளளவம் சிலிக்கனின் மேல் உள்ளதிலும் மிகப் பெரிது. ஒரே துண்டில் அமைந்த திரான்சிற்றர்களின் ஒப்புமையும் பலகையிற் கிட்டாது.

இச்சிக்கலை இருபுறமும் எதிர்கொண்டவர் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் பீடர்சன் ஆவார். 1960களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகமொன்றால் இயலாதெனப் பலர் ஐயுற்றபோதும், ஒருங்கிணைந்த சுற்றுக்களை மாணவரே ஆக்கும் ஆய்வுகூடத்தை அவர் அங்கு நிறுவினார். அதே துறையில் 1969-70 கல்வியாண்டில் றொனால்ட் றோரர் தமது வகுப்பு மாணவரைக் கொண்டு சுற்றுப் பாவனை நிரலொன்றை எழுதுவித்தார். பீடர்சன் நிரலை ஏற்றுக்கொண்டால் மாணவர் சித்தியடைவர் என்பதே நிபந்தனை. அவ்வகுப்பின் மாணவருள் ஒருவரான லோரன்ஸ் நேகல் அப்பணியைத் தொடர்ந்தார்.

நிரலுக்கு இட்ட பெயர் 'கான்சர்'. நேரிலாச் சுற்றுக்களின் கணனிப் பகுப்பாய்வு, கதிர்வீச்சு நீங்கலாக, என்பது அதன் விரிவு. அணுக்கதிர் வீச்சைத் தாங்கும் ஆற்றலைக் கணித்தல், பாதுகாப்புத் துறையின் பணத்தில் எழுதப்பட்ட அக்கால நிரல்களின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. வியட்நாம் போர் எதிர்ப்பு மிக்கிருந்த பேர்க்லி மாணவர் தமது நிலைப்பாட்டைப் பெயரிலேயே பொறித்தனர்.

நேகல் இதனைத் திருத்தி அமைத்ததே 'ஸ்பைஸ்'. 1973 ஏப்ரலிற் கனடாவின் வோட்டர்லூவில் நடைபெற்ற மாநாட்டிற் பீடர்சன் அதை அறிமுகஞ் செய்தார். 1975இல் இரண்டாம் வடிவம் வந்தது. நிரல் எவரும் பெறக்கூடியதாக இருத்தல் வேண்டுமென்பதிற் பீடர்சன் உறுதியாயிருந்தார். பட்டம் பெற்று வெளியேறிய மாணவர் அதைத் தாம் சென்ற தொழிலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் எடுத்துச் சென்றனர். துளையிட்ட அட்டைகளில் எழுதப்பட்ட காலத்தின் எச்சமாக, அதன் உள்ளீட்டு வரிகளை 'அட்டை' எனக் குறிக்கும் வழக்கு இன்றும் உண்டு. சந்திகள்தோறும் கிர்க்கோவின் விதியைச் சமன்பாடாக எழுதி, விடை ஒருங்கும்வரை மீண்டும் மீண்டும் கணிப்பதே ஸ்பைஸின் செயல்முறையாகும்.

இரண்டும் கற்பிப்பவை

பாவனைமுறையால் விளையும் நன்மை பெரிது. கருவி வாங்க வசதியற்ற பல்கலைக்கழகத்தின் மாணவனும், ஆயிரம் முறை தவறுசெய்து ஒரு திரான்சிற்றரையும் எரிக்காமற் கற்கலாம். நிரல் இலவசமாகக் கிடைத்தமை இவ்வாய்ப்பைப் பரவலாக்கியது.

ஆயினும் கணனி தனக்குச் சொல்லப்பட்டதையே அறியும். சமச்சீரான அலையாக்கிச் சுற்றொன்றைப் பாவனை செய்தால், தொடக்கத்தில் ஒரு தூண்டுதலை நாமே கொடுத்தாலன்றி அது பெரும்பாலும் அசையாதிருக்கும். நிரலின் திரான்சிற்றர்கள் இரண்டும் முற்றாக ஒத்தவை, இரைச்சலும் அங்கில்லை. ஆய்வுகூடத்தில் அதே சுற்று வெப்ப இரைச்சலினால் தானே அலையத் தொடங்கும். மறுதலையாக, கணனியில் ஒழுங்காக இயங்கிய பெருக்கி, மேசையின் மேல் நீண்டுவிட்ட ஒரு கம்பியினால் வேண்டாத அலைவைத் தோற்றுவிக்கலாம். தொம்சனின் செப்புக் கம்பி புகட்டிய பாடமும் இத்தகையதே. நிரலுக்குச் செம்பு என்பது ஓர் எண். மாதிரியைக் கையிலெடுத்து அளந்தவரே அவ்வெண்ணை ஐயுற்றனர்.

எனவே ஆய்வுகூடத்தைப் பழமையென்றும் கணனியைப் புதுமையென்றும் எதிர்நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சிலிக்கன் ஆய்வுகூடத்தை நிறுவியவரே ஸ்பைஸையும் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். பேர்க்லி மாணவர் நிரலை ஆக்கினர். கிளாஸ்கோ மாணவர் அளவீட்டை நிகழ்த்தினர். இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆக்கப்பட்ட நிரலும் எழுதப்பட்ட செய்முறைத் தாளுமே. இரண்டிலும் விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. விடை தெரியாத ஒரு பணியை மாணவரிடம் ஒப்படைக்கும் துணிவே தொம்சனுக்கும் றோரருக்கும் பொதுவாயிருந்தது. அத்துணிவு இல்லாதவிடத்து, ஆய்வுகூடத்தை மூடினாலும் திறந்துவைத்தாலும் கல்வியில் பெரிய வேறுபாடு விளையப்போவதில்லை.