எண்ணப்படாத சாவுகள்: பழனி மலையிலிருந்து ஒரு கேள்வி

கொரோனாவை எந்த நாட்டு அரசு நன்றாகக் கையாண்டது என்று கேட்டால், உடனே ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். இந்த நாட்டில் இத்தனை தொற்று, இத்தனை சாவு. அந்தப் பட்டியலில் ஒரு நாட்டு மக்கள் எல்லாரும் ஒன்றுதான். பழனி மலையின் வரலாறு தெரிந்த நாம் அதை அப்படியே ஏற்க முடியாது.

கொடைக்கானல் நோய்க்குப் பயந்து உருவான ஊர். 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியில் அதே நோய்க்கு நடுவே வாழ்ந்த ஏழைகளுக்கு ஏறிப்போய் ஒதுங்க இடமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை முடியும்வரை, துரைமார்களையும் அவர்கள் சாமான்களையும் கூலியாட்கள்தான் சுமந்து ஏற்றினார்கள். சன்னிசைட், ஷெல்டன் என்று அந்த முதல் வீடுகளின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. அவர்கள் ஏறிய பாதைக்கு மட்டும் 'கூலி காட்' என்று பெயர் நின்றுவிட்டது.

இப்படி மறைந்துபோகும் மக்களை ஒரு முறை கணக்கு காட்டிக்கொடுத்தது. 1918இல் பம்பாய் நகரில் இன்புளூயன்சா பரவியபோது, நகரச் சுகாதார அதிகாரி சாவுகளைச் சமூகவாரியாகப் பதிவு செய்தார். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர், சாதி இந்துக்களில் 18.9 பேர், 'தாழ்ந்த சாதி' என்று குறிக்கப்பட்டவர்களில் 61.6 பேர் இறந்தார்கள். ஒரே நகரம், ஒரே கிருமி. காலனி அரசு நம்மேல் உள்ள அக்கறையில் எண்ணவில்லை. ஆனாலும் அந்த எண் இன்று நமக்குச் சாட்சி.

இனி 2020க்கு வருவோம். பிரிட்டன் கொரோனாவில் பெரிதாகத் தடுமாறிய நாடு. ஆனால் அதன் புள்ளிவிவர அலுவலகம் மே மாதமே கணக்கை வெளியிட்டது: வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கறுப்பின மக்கள் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 4 மடங்குக்கும் அதிகம். அமெரிக்காவும் இனவாரியாக எண்ணியது. எண்ணியதால் சாவு நின்றுவிடவில்லை. ஆனால் அரசிடம் கேள்வி கேட்க மக்கள் கையில் ஆதாரம் இருந்தது.

இந்தியாவில் மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, 4 மணி நேரத்தில் நாட்டையே பூட்டினார்கள். சாவுகளைச் சாதிவாரியாக வெளியிடவில்லை. ஊருக்கு நடந்தே போன புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டபோது, அப்படி ஒரு விவரம் இல்லை என்று செப்டம்பரில் மக்களவையில் ஒன்றிய அரசு சொன்னது. கொடைக்கானலிலும் ஏப்ரல், மே சீசன் போனது. விடுதி வேலையையும் குதிரைச் சவாரியையும் நம்பியிருந்தவர்கள் வருமானம் இழந்தார்கள். துப்புரவுப் பணி மட்டும் நிற்கவில்லை. 1918ஐப் பற்றி நம்மால் சொல்ல முடிகிற ஒன்றை 2020ஐப் பற்றிச் சொல்ல முடியவில்லை.

சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கும் நாம், சாவுக் கணக்கையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதுவரை மாணவத் தோழர்கள் ஒரு வேலையைத் தொடங்கலாம். எஸ்டேட் லயன்களுக்கும் துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகளுக்கும் போங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் யார் வேலை இழந்தார்கள், யாருக்குப் படுக்கை கிடைத்தது, யார் இறந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்போது, முன்பு என்ன நடந்தது என்று காட்ட நம்மிடம் ஓர் ஏடாவது இருக்கட்டும்.