நாலு கால் நண்பனும் நாலடி வேலியும்

நண்பர்களே, இந்த முறை இங்கிலாந்துக்குப் போவோம். (டிக்கெட் செலவு இல்லை!)

அங்கே வயல்வெளிகளில் நடக்கப் போகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு சமாச்சாரத்தின் பெயர் ஸ்டைல். சூப்பர் ஸ்டார் ஸ்டைல் அல்ல, ஆங்கிலத்தில் எழுத்தே வேறு :-) நடைபாதையை வேலியோ கல்சுவரோ மறிக்கும் இடத்தில், காலைத் தூக்கி வைத்து அந்தப் பக்கம் இறங்குவதற்காக இரண்டு மூன்று படி வைத்திருப்பார்கள். அதுதான் ஸ்டைல். 'ஏறு' என்று பொருள் தரும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். நாம் தாண்டுபடி என்று வைத்துக்கொள்வோம்.

ஆள் போகலாம், ஆடு மாடு போகக்கூடாது. அவ்வளவுதான் இதன் வேலை. கதவு வைத்தால் எவனாவது திறந்து போட்டுவிட்டுப் போய்விடுவான், மந்தை ரோட்டில் நிற்கும். தாண்டுபடியைத் திறந்து போடவே முடியாது. சிம்பிளான, மலிவான கண்டுபிடிப்பு. ஆனால் மனிதனோடு சேர்ந்து நடக்கும் ஒரு மிருகம் இருக்கிறதே, அதை இந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. சின்ன நாய் என்றால் அக்குளில் இடுக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் எல்லாம் 60 கிலோ சாதாரணமாக வரும். இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையை விட அதிகம், அதுவும் திமிறுகிற மூட்டை!

இத்தனை வேலி எங்கிருந்து வந்தது? ஊர்ப் பொதுநிலத்தையும் திறந்த வயல்களையும் வளைத்துத் தனிச்சொத்தாக்கிய வரலாறுதான். 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்காக 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். நிலம் கைமாறினாலும் பல இடங்களில் ஜனங்கள் காலங்காலமாக நடந்த பாதையின் மேல் உரிமை அப்படியே நின்றது. நிலம் அவனுடையது, நடக்கும் உரிமை ஊருடையது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் போட்ட சமரசம்தான் இந்தப் படி.

1949ல் வந்த சட்டம் இந்தப் பாதைகளை வரைபடத்தில் பதிவு செய்யச் சொன்னது. 1980ன் நெடுஞ்சாலைச் சட்டம் எங்களைப் போன்ற காமர்ஸ் ஆட்களுக்குப் பிடித்த கேள்விக்குப் பதில் சொல்கிறது: செலவு யாருடையது? தாண்டுபடியைப் பழுது பார்ப்பது நிலச் சொந்தக்காரர் பொறுப்பு. நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கை உள்ளூர் நிர்வாகம் தர வேண்டும். புதிதாக ஒன்று வைக்க அனுமதி வேண்டும். மிருகங்கள் உள்ளே வராமல், வெளியே போகாமல் தடுக்கத்தான் என்று காரணமும் காட்ட வேண்டும்.

அப்படியானால் நாய்க்கு அந்தப் பாதையில் உரிமை உண்டா? சுவாரசியமான இடம் இது. 1861ல் குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி பற்றி ஒரு வழக்கு வந்தது. நடப்பவருடன் 'வழக்கமாகக் கூட வருவது' எதுவோ அதற்கும் பாதையில் இடமுண்டு என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது. நாயையும் இன்று அந்தக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். ஆக, நாய் வரலாம். ஆனால் அது தாண்டுவதற்கு வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் நிலக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. உரிமை இருக்கிறது, வழி இல்லை!

நிலக்காரரை மட்டும் திட்டுவதும் சரியில்லை. நாய் ஆட்டைத் துரத்தினால் நஷ்டம் அவருக்கு. இதற்கென்றே 1953ல் தனிச் சட்டம் வந்தது. ஆட்டுக்குட்டி நுழையாமல் இருக்க அவர் படியைச் சுற்றிக் கம்பிவலை அடிக்கிறார். முன்பு நாய் பூந்து போன சந்தும் அதோடு போச்சு. முள்கம்பி வேறு இருந்துவிட்டால் குதிக்கவும் முடியாது.

இடத்துக்கு இடம் தொல்லையும் மாறும். டெர்பிஷயர், யார்க்ஷயர் பக்கம் கல்சுவரில் ஒரு குறுகிய இடுக்கு விட்டிருப்பார்கள். மனிதக் கால் நுழையும், பெரிய நாயின் மார்பு மாட்டிக்கொள்ளும். ஏரி மாவட்டத்திலும் வேல்ஸ் மலைகளிலும் சுவரின் இருபுறமும் சாய்த்து வைத்த ஏணி. சில நாய்கள் ஏறிவிடும், இறங்கும்போதுதான் ஆபத்து. 'முத்தக் கதவு' என்று ஒன்றும் உண்டு (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கதவு இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுப் போவதால் அந்தப் பெயர்). அதில் நாயை ஒட்டி நிறுத்தித் திரும்ப இடம் இருந்தால் பிழைத்தோம்.

இதற்கெல்லாம் நல்ல தீர்வு, படியின் பக்கத்தில் மேலே தூக்கக்கூடிய ஒரு பலகை. தூக்கினால் நாய் போகும், விட்டால் தானே விழுந்து மூடிக்கொள்ளும். ஆனால் பெரிய மாற்றம் நாய்க்காக வந்ததே இல்லை. காலைத் தூக்க முடியாத முதியவர்கள், ஊனமுற்றோர், தள்ளுவண்டித் தாய்மார்கள் இவர்களை நினைத்து வந்தது. 1979ல் முதலில் வெளியான பிரிட்டிஷ் தரநிலை 5709, பிந்தைய பதிப்புகளில் வரிசையைத் திருப்பிப் போட்டது: முடிந்தால் வெறும் இடைவெளி, இல்லாவிட்டால் கதவு, வேறு வழியே இல்லையென்றால்தான் படி. கிழவிக்காகப் படி எடுக்கப்பட்ட இடத்தில் செயின்ட் பெர்னார்டும் ராஜநடை போடுகிறது.

படி இன்னும் நிற்கும் இடங்களில்? முதலில் கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும், குதிக்கும்போது கம்பியில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பக்கம் மாடு நிற்கிறதா என்று ஓர் ஆள் முன்னால் இறங்கிப் பார்க்க வேண்டும். பிறகு முன்னங்காலைப் படியில் வைக்கச் செய்து, பின்னால் நிற்பவர் இடுப்பைத் தாங்கித் தள்ள வேண்டும். ஆக, பெரிய நாயோடு போகிறவர்களுக்குக் குறைந்தது இரண்டு பேர் தேவை.