கடமான் வேட்டையும் நாட்டுத் துப்பாக்கியும்: நம்பகமான ஆயுதத்தைத் தேடிய வரலாறு

குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்துக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியே உலகெங்கும் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்த துப்பாக்கி ஆகும். தமிழ்நாட்டில் இன்று நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. இலங்கைத் தமிழர் இதனை இடியன் துவக்கு என்பர். மருந்தை இடித்துக் கெட்டிப்பதால் வந்த பெயர் அது.

கடமான் போன்ற பெரிய விலங்கை வேட்டையாடச் சென்றவர்கள் இத்துப்பாக்கிகளில் எதை நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்பதையும், அந்தத் தேடல் எங்கே போய் முடிந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கடமானும் "எல்க்" என்ற பெயரும்

ஐரோப்பாவில் எல்க் என்பது ஒரு விலங்கு. வட அமெரிக்காவில் எல்க் என்பது வேறொரு விலங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த ஆங்கிலேயர் எல்க் என்று எழுதியது இவ்விரண்டையும் அல்ல. நம் கடமானைத்தான் அவர்கள் அப்பெயரால் அழைத்தனர். இதே விலங்கைத் தென்தமிழ்நாட்டில் மிளா என்றும், இலங்கைத் தமிழில் மரை என்றும் சொல்வர். பழைய ஆங்கில வேட்டை நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. தடித்த தோலும் வலுவான எலும்பும் உடையது. சரியான இடத்தில் குண்டு படாவிட்டால் காயத்தோடு நெடுந்தூரம் ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். அப்படி ஓடிய விலங்கு நாள் கணக்கில் துன்பப்பட்டுச் சாகும்; வேட்டைக்காரனுக்கும் பயன்படாது. ஆகவே இவ்வேட்டையில் நம்பகமான துப்பாக்கி என்றால் இரண்டு தகுதிகள் வேண்டும். சுடும்போது கட்டாயம் வெடிக்க வேண்டும். வெடித்தால் ஒரே குண்டில் விலங்கு விழ வேண்டும். மீண்டும் கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும் ஆயுதத்தில், இரண்டாவது வாய்ப்பை எதிர்பார்க்க முடியாது.

பாளையக்காரர் காலத்துத் திரித் துப்பாக்கி

பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதி முற்காலத்தில் கார்வேட்டிநகர ஜமீனைச் சார்ந்திருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. இதற்கு வடக்கே உள்ள சேஷாசல மலைத்தொடரில் இன்றும் கடமான்கள் வாழ்கின்றன. இத்தகைய மலையோரப் பாளையங்களில் ஆட்கள் ஏந்தியிருந்தது பெரும்பாலும் திரித் துப்பாக்கியே.

இதன் அமைப்பு எளிது. கனலும் திரி ஒன்று வளைந்த இரும்புக் கையில் மாட்டப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் அக்கை தாழ்ந்து, குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் நெருப்பைத் தொடும். கிண்ணத்திலிருந்து ஒரு துளை வழியாகத் தீ குழலுக்குள் போகும். உள்ளூர்க் கொல்லரே இதைச் செய்யலாம், பழுதுபார்க்கலாம். வெடியுப்பு காய்ச்சும் உப்பிலியர், கரி, கந்தகம் எல்லாம் நம் நாட்டிலேயே கிடைத்தன. அதனால்தான் ஐரோப்பாவில் இது வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

ஆனால் வேட்டைக்கு இதில் பெரிய குறைகள் இருந்தன. திரி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதன் புகை நாற்றம் காற்றோடு போய் மானின் மூக்கை எட்டும். இரவில் கனல் தெரியும். ஒரு தூறல் போட்டால் திரியும் அணையும், கிண்ணத்து மருந்தும் நனையும்.

பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 டிசம்பரில் கம்பெனி அரசு வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டது. நம் மண்ணில் துப்பாக்கி செய்யும் தொழில் நலிந்ததற்கு இத்தகைய ஆயுதப் பறிப்பும் ஒரு காரணம் ஆகும்.

சக்கிமுக்கியும் மழையும்

திரிக்கு அடுத்து வந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. இதில் குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் பொருத்தப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து, கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி தெறிக்கும். எரியும் திரி தேவையில்லை. என்றாலும் கிண்ணத்து மருந்து திறந்த வெளியில்தான் இருந்தது. கல் தேய்ந்தால் பொறி வராது. மழை பெய்தால் மருந்து பிடிக்காது. தவிர, கிண்ணத்தில் பளிச்சென்று ஒளி தெரிந்து, ஒரு கணம் தாமதித்தே குண்டு புறப்படும்.

இந்தத் தாமதம்தான் ஒரு பாதிரியாரைச் சிந்திக்க வைத்தது. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபோர்சைத் நீர்ப்பறவை வேட்டையில் விருப்பம் உள்ளவர். கிண்ணத்து ஒளியைக் கண்டதும் பறவைகள் தப்பிவிடுவதைக் கவனித்தார். தட்டினாலே வெடிக்கும் வேதிப்பொருளைத் தீமூட்டியாகப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்து 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1820களில், அந்தப் பொருளை ஒரு சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்து, குழலின் பின்புறக் காம்பில் செருகும் வழக்கம் பரவியது. இதுவே கேப்புத் துப்பாக்கி. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பில் வேதிப்பொருள் வேறு என்றாலும், தட்டினால் வெடிக்கும் என்ற தத்துவம் ஒன்றே.

வேறுபாடு எவ்வளவு என்பதை 1834இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் நடந்த சோதனை காட்டியது. இரு வகையிலும் 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடிக்கத் தவறியது. கேப்புத் துப்பாக்கி 36 முறை மட்டுமே தவறியது. அதாவது, ஏறத்தாழ ஏழு முறைக்கு ஒரு முறை ஏமாற்றிய ஆயுதத்தின் இடத்தில், 166 முறைக்கு ஒரு முறை மட்டுமே ஏமாற்றும் ஆயுதம் வந்தது.

இதன் பொருளை உயிரைப் பணயம் வைத்து அறிந்தவர்கள் சென்னை மாகாணச் சிப்பாய்கள். 1841 மே மாத இறுதியில், முதல் அபினிப் போரின்போது, சீனாவின் கான்டன் நகருக்கு அருகே சான்யுவான்லி என்ற இடத்தில், மதராஸ் 37ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு புயல்மழையில் படையிலிருந்து பிரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். சிப்பாய்கள் கையில் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். நனைந்த மருந்து பிடிக்கவில்லை. கேப்புத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் தேடிச் சென்றே அவர்களை மீட்டனர். மழையில் வெடிக்காத துப்பாக்கி வெறும் தடிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கை மலைநாட்டில் பேக்கர் செய்த தேர்வு

வெடிக்குமா என்ற கேள்வி தீர்ந்தபின், வீழ்த்துமா என்ற கேள்வி முன்னே வந்தது. இதற்கு விரிவாக விடை எழுதியவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். இவர் 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறியவர். பின்னாளில் ஆப்பிரிக்கப் பயணங்களால் புகழ்பெற்றவர். தம் இலங்கை வேட்டை அனுபவங்களை 1850களில் நூலாக வெளியிட்டார்.

பேக்கர் 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் தமக்கென ஒரு துப்பாக்கி செய்யச் சொன்னார். அதன் எடை 21 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9.5 கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டு மட்டும் 3 அவுன்சு, அதாவது 85 கிராம். ஒரு முறைக்கு ஏறத்தாழ 28 கிராம் மருந்து. கனமான குண்டும், அதைத் தள்ளப் போதிய மருந்தும், அந்த அதிர்ச்சியைத் தாங்கக் கனமான குழலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

ஆனால் அதே பேக்கர் மலைநாட்டுக் கடமானைப் பெரும்பாலும் துப்பாக்கியால் வேட்டையாடவில்லை. நாய்களை விட்டு விரட்டி, கத்தியால் முடித்தார். அடர்ந்த காட்டில் நெடுந்தொலைவு பார்வை கிடைக்காது. துப்பாக்கியைத் தேர்வதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

எதைப் பார்த்துத் தேர்ந்தார்கள்?

அக்கால அனுபவங்களையும் துப்பாக்கியின் இயல்பையும் சேர்த்துப் பார்த்தால், நம்பகத்தன்மை ஐந்து கூறுகளில் அடங்கியது எனலாம்.

1. தீமூட்டும் பகுதி. ஈரம் படாமல் மூடியிருக்க வேண்டும். குதிரை ஓங்கி அடிக்கும்படி வில் வலுவாக இருக்க வேண்டும். தீ செல்லும் துளையில் கரி அடைத்திருக்கக் கூடாது.

2. குழல். உட்புறம் வழுவழுப்பாக உள்ள குழலில் குண்டு தத்தித் தத்தி வெளியேறும்; ஏறத்தாழ 50 மீட்டருக்கு மேல் குறி நிச்சயமில்லை. உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய குழல் குண்டைச் சுழலவிடுவதால் குறி நேராகும். உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுருளும், நீண்ட குண்டுக்கு நெருக்கமான சுருளும் பொருந்தும்.

3. குண்டின் பொருத்தம். குண்டு தளர்வாக இருந்தால் அழுத்தம் வீணாகும். எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் சுற்றி இறக்கினால் இடைவெளி அடைபடும்.

4. குழலின் பலம். ஜிம் கார்பெட் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி இரட்டைக் குழல் கொண்டது. அளவுக்கு மீறி மருந்து இட்டதால் அதன் வலக்குழல் முன்பே பிளந்திருந்தது. பித்தளைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். மருந்தை அளவு பார்க்காமல் இடுவதும், குண்டை மருந்தோடு ஒட்டாமல் பாதி வழியில் நிறுத்துவதும் குழலைப் பிளக்கும். இவ்வகைத் துப்பாக்கியில் புகையற்ற நவீன மருந்தை இட்டால் சுடுபவரின் கையும் கண்ணும் போகும்.

5. சுத்தம். கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவாக்கும். சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி எண்ணெய் இடாத துப்பாக்கி, எத்தனை விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் நம்பத்தக்கதல்ல.

இந்த ஐந்தில் மூன்று, துப்பாக்கியைச் செய்தவரைவிடப் பயன்படுத்துபவரைச் சார்ந்தவை என்பதைக் கவனிக்கலாம்.

நம்பகம் கூடியது, மான் குறைந்தது

1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழிக் கெட்டிப்பதே. பள்ளிப் பாடத்தில் வரும் 1857 கிளர்ச்சியின் கொழுப்புத் தோட்டா, பல்லால் கடித்துக் கிழித்து இதன் வாயில் கொட்டுவதற்காகச் செய்யப்பட்டது. 1860களுக்குப் பின் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவின. ஒரு நிமிடத்தில் பல முறை சுடும் வசதி வந்தது.

ஆயுதம் ஏமாற்றாத நிலை வந்ததும் விலங்குக்குத் தப்பும் வழி குறைந்தது. நீலகிரியில் வேட்டையாடிய ஆங்கிலேயரே இதை உணர்ந்து 1877இல் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது மானுக்காக மட்டும் வந்த சட்டம் அல்ல; யார் வேட்டையாடலாம் என்பதை உரிமத்தின் மூலம் வரையறுத்ததால், மலைவாழ் மக்களின் பழைய உரிமையும் சுருங்கியது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது. குடகு மக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இன்றைய நிலை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இன்றும் வாய்வழித் துப்பாக்கிக்கென்று தனி எல்க் வேட்டைக் காலம் உண்டு. குழல் விட்டம் 0.50 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தொலைநோக்கி பொருத்தக் கூடாது. மருந்துக் குளிகை கூடாது, தளர்ந்த மருந்தே இட வேண்டும். சிறிய குழலைத் தடுப்பது விலங்கு வதைபடாமல் இருக்க. தொலைநோக்கியைத் தடுப்பது விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருக்க.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடமானை வேட்டையாடுவது குற்றம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008 முதல் கடமானை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். தலைமுறைகளாக இத்துப்பாக்கியோடு வாழ்ந்த நரிக்குறவர்கள் ஊசிமணி, பாசிமணி விற்பனைக்கு மாறினார்கள். கல்வராயன், ஜவ்வாது மலைக் கிராமங்களில் உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது வேண்டுகோள் விடுக்கிறது. அளவறியாத மருந்தும், தண்ணீர்க் குழாயால் செய்த குழலும் கொண்ட அத்துப்பாக்கிகள் மேலே சொன்ன ஐந்து சோதனைகளில் ஒன்றில்கூடத் தேறாதவை. விலங்குக்கு முன் சுடுபவரையே அவை காயப்படுத்தக்கூடும்.

இலங்கையில் இடியன் துவக்கின் இன்னொரு வடிவமான கட்டுத்துவக்கு, விலங்கு நடக்கும் வழியில் கம்பி கட்டி வைக்கப்படுவது. அது மரை எது, விறகு பொறுக்கப் போன மனிதன் எது என்று பார்ப்பதில்லை. எப்போதும் தவறாமல் வெடிக்கும் துப்பாக்கி மட்டுமே நம்பகமானது ஆகிவிடாது என்பதற்கு அதுவே சான்று. எதைச் சுடுகிறோம், சுடலாமா என்று பார்க்கும் கண்ணும் அதன் பின்னால் இருக்க வேண்டும்.