பந்தயத்தை விட்ட புதிர்கள்: கணிதத் திருவிழா பிறந்த வரலாறு

கணிதத் திருவிழா என இன்று மேலைநாடுகளில் வழங்கப்படுவது, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக வந்து, மேசை மேசையாகச் சென்று, புதிர்களையும் காய்களையும் காகித மடிப்புகளையும் கையில் எடுத்துப் பார்த்து, விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம்வரை அமர்ந்து சிந்திக்கும் ஒரு பொது நிகழ்ச்சியாகும். பொழுதுபோக்குக் கணிதம், அதாவது தேர்வுக்காகவோ தொழிலுக்காகவோ அன்றி இன்பத்துக்காகவே மேற்கொள்ளப்படும் கணிதம், மிகப் பழமையானது. எனினும் அதை மதிப்பெண்ணும் காலக்கெடுவும் இல்லாத திருவிழாவாக ஊர்கூடி நடத்தலாம் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில்தான் வேரூன்றியது. நெடுங்காலமாகப் புதிரோடு ஒட்டிக்கொண்டிருந்த பந்தயத்தையும் பரிசையும் சிலர் மெல்ல மெல்லப் பிரித்தெடுத்ததன் பயனாகவே அது உருப்பெற்றது. அப்பிரிவு நிகழ்ந்த வழியே இத்திருவிழாவின் வரலாறாகும்.

ஐரோப்பாவில் அச்சேறிய பொழுதுபோக்குக் கணித நூல்களுள் முன்னோடியாகக் கருதப்படுவது, பிரெஞ்சு அறிஞர் கிளோத் காஸ்பார் பாஷே 1612இல் வெளியிட்ட தொகுப்பாகும். அதில் இருவர் ஆடும் ஒரு விளையாட்டு இடம்பெற்றுள்ளது. முதலாமவர் 1 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்ல, அடுத்தவர் அதனோடு 1 முதல் 10 வரை விரும்பியதைக் கூட்ட, இவ்வாறு மாறி மாறிக் கூட்டிக்கொண்டே சென்று 100ஐ முதலில் அடைபவர் வென்றவராவார். 89ஐ அடைந்துவிட்டவரை வெல்ல முடியாது; ஏனெனில் எதிராளி எதைக் கூட்டினாலும் தொகை 90க்கும் 99க்கும் இடையில் நின்றுவிட, எஞ்சியதை இவர் கூட்டி 100ஐத் தொட்டுவிடலாம். அதே காரணத்தால் 78, 67, 56 எனப் பதினொன்று பதினொன்றாகக் கீழிறங்கும் எண்கள் யாவும் பாதுகாப்பான படிகளாகின்றன; இறுதியில் 1 என்று தொடங்குபவர் தவறிழைக்காதவரை தோற்பதில்லை என்பது புலப்படுகிறது. ஆயினும் இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலும் மறைபொருள் அறிந்த ஒருவர் அறியாத ஒருவரைத் திகைக்கவைக்கும் வித்தையாகவே ஆடப்பட்டன. எதிரே இருப்பவரும் அம்மறைபொருளைத் தாமே கண்டறிய வேண்டும் என்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாளிதழ்களும் வார இதழ்களும் பெருகியபோது, புதிர் பரிசுப் பொருளாயிற்று. நான்குக்கு நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பெட்டியில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டைகளை வைத்து, எஞ்சிய ஒரு வெற்றிடத்தின் வழியே நகர்த்தி ஒழுங்குபடுத்தும் பதினைந்துக் கட்டைப் புதிர், 1880இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பித்துப்பிடிக்க வைத்தது. அதை உருவாக்கியவர் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த நாய்ஸ் சாப்மன் என்னும் அஞ்சல் நிலைய அதிகாரி. ஆனால் புகழ்பெற்ற புதிர் வல்லுநரான சாம் லாய்டு பிற்காலத்தில் அதைத் தமது படைப்பு என்று கூறிக்கொண்டதோடு, 14, 15 ஆகிய இரண்டு கட்டைகள் மட்டும் இடம் மாறியிருக்கும் நிலையைச் சரிசெய்வோருக்கு 1000 டாலர் தருவதாகவும் அறிவித்தார். அப்பரிசை எவராலும் பெற்றிருக்க முடியாது. வெற்றிடம் தான் தொடங்கிய மூலைக்கே திரும்பும்போது நகர்வுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே அமையும். இரண்டு கட்டைகளை மட்டும் மாற்றிவைக்கவோ ஒற்றைப்படை எண்ணிக்கையிலான மாற்றங்கள் வேண்டும். இக்காரணம் 1879ஆம் ஆண்டிலேயே கணித ஆய்விதழில் வெளிவந்திருந்தும், முயன்று சலித்த மக்களுள் பெரும்பாலோரை அது எட்டவில்லை. புதிரின் உயிராகிய காரணம் மறைந்து நிற்க, பரிசு மட்டும் கண்ணில் பட்டது.

இதே காலத்தில் பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டிகளும் தோன்றின. ஹங்கேரியில் 1894இல் தொடங்கிய போட்டியும், 1930களில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் நடந்த ஒலிம்பியாடுகளும், ஏழு நாடுகளின் பங்கேற்போடு 1959இல் ருமேனியாவில் தொடங்கிய பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடும் திறன் மிக்க பல இளைஞர்களை அடையாளம் காட்டின. அவற்றின் பணி பெரிது. எனினும் விரைந்து விடை காண்பவரைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு, நின்று நிதானமாகச் சிந்திப்பவரை வெளியே நிறுத்திவிடுகிறது. வேடிக்கை பார்க்க வரும் தாய்க்கும் தம்பிக்கும் அதில் இடமே இல்லை.

இடமில்லாதோருக்கு இடமளித்த பெருமை ஒரு பத்திரிகைப் பத்திக்கு உரியது. மார்ட்டின் கார்ட்னர் (1914–2010) சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். பள்ளிப் படிப்புக்கு அப்பால் கணிதத்தை முறையாகக் கற்றவர் அல்லர். 1956 டிசம்பரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதிய கட்டுரை ஹெக்சாஃபிளெக்சகன் என்னும் காகித அறுகோணத்தைப் பற்றியது. 1939இல் பிரின்ஸ்டனில் பயின்ற ஆர்தர் ஸ்டோன் என்ற ஆங்கிலேய மாணவர், அமெரிக்கத் தாள் தமது கோப்பில் அடங்காததால் ஓரத்தை வெட்டியெடுத்து, அந்தத் துண்டுகளை மடித்து விளையாடியபோது கண்டறிந்தது அது. பத்துச் சமபக்க முக்கோணங்கள் கொண்ட ஒரு காகிதப் பட்டையை மூன்று முறை மடித்து, கடைசி முக்கோணத்தை முதல் முக்கோணத்தோடு ஒட்டினால் ஓர் அறுகோணம் கிடைக்கும். அதன் மூலைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிள்ளி நடுவில் விரித்தால், அதுவரை கண்ணில் படாத மூன்றாவது முகம் மலர்ந்து வெளிப்படும். இக்கட்டுரை பெற்ற வரவேற்பால் 1957 ஜனவரியில் தொடங்கிய மாதப் பத்தி கால் நூற்றாண்டு தொடர்ந்தது.

அப்பத்தி வாசகரைப் போட்டியாளராக அன்றித் துணை ஆய்வாளராகவே நடத்தியது. ஒரே வகை ஐங்கோணங்களால் தரையை இடைவெளியின்றி நிரப்பும் வழிகளைப் பற்றி 1975இல் அவர் எழுதியதைப் படித்த மார்ஜரி ரைஸ் என்னும் கலிஃபோர்னிய இல்லத்தரசி, உயர்நிலைப் பள்ளிக் கல்வியோடு நின்றவராயினும், தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டு வீட்டிலேயே ஆராய்ந்து, அதுவரை அறிஞர்களும் அறியாத நான்கு புதிய வகைகளைக் கண்டறிந்தார். பரிசு எதுவும் அறிவிக்கப்படாத ஒரு வினாவே அவரை அழைத்தது என்பது இவ்வரலாற்றில் மனங்கொள்ளத்தக்கது.

கார்ட்னரின் அன்பர்களைத் திரட்டி டாம் ராஜர்ஸ் என்பவர் 1993இல் அட்லாண்டாவில் ஒரு கூடலை நடத்தினார். கணித அறிஞர்கள், மாயவித்தைக் கலைஞர்கள், புதிர் செய்வோர் ஆகியோர் அங்கே ஒருவருக்கொருவர் தம் படைப்புகளை அன்பளிப்பாக வழங்கிக்கொண்டனர். கூச்ச இயல்புடைய கார்ட்னர் முதல் இரண்டு கூடல்களில் மட்டுமே கலந்துகொண்டார். அது அழைக்கப்பட்டோர்க்கு உரிய அவையாகவே இருந்தது. 2010இல் அவர் மறைந்தபின், அவருடைய பிறந்த நாளாகிய அக்டோபர் 21ஐ ஒட்டி, யாரும் தம் வீட்டிலோ பள்ளியிலோ நூலகத்திலோ நடத்தக்கூடிய சிறு சிறு விழாக்கள் பல நாடுகளில் தொடங்கின. அவையின் கதவு இவ்வாறு தெருவை நோக்கித் திறந்தது.

தெருவிலேயே தொடங்கிய விழாவும் உண்டு. உலகக் கணித ஆண்டாக அறிவிக்கப்பட்ட 2000இல் பாரிஸ் நகரின் சேன் சுல்பீஸ் சதுக்கத்தில் முதன்முறையாகக் கூடிய கணிதப் பண்பாட்டு, விளையாட்டுக் காட்சி, அதன்பின் ஆண்டுதோறும் கூடும் வழக்கமாயிற்று. ஜெர்மனியின் கீசன் நகரில் 2002இல் திறக்கப்பட்ட மத்தேமாட்டிகும் என்னும் கணித அருங்காட்சியகம், நியூயார்க்கில் 2012இல் திறக்கப்பட்ட கணித அருங்காட்சியகம் ஆகியவை இதே உணர்வை நிலையான கட்டடங்களுக்குள் கொண்டுவந்தன. அமெரிக்காவில் பெர்க்லி, பிரின்ஸ்டன் ஆகிய ஊர்களின் ஆய்வு நிறுவனங்கள் இணைந்து, 2015 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் முதலாவது தேசியக் கணிதத் திருவிழாவை நடத்தின.

பந்தயம் முற்றிலும் விலகிய நிலையைத் தெளிவாகக் காட்டுவது ஜூலியா ராபின்சன் கணிதத் திருவிழாவாகும். 1970களில் கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரி நடத்திய போட்டிக்குச் சென்றுவந்த நான்சி பிளாக்மன், அப்போட்டியின் மகிழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு போட்டியை நீக்கி 2007இல் இதைத் தொடங்கினார். ஒவ்வொரு மேசையிலும் எளிதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் ஒரு வினாத்தொடர் இருக்கும். அருகில் அமரும் வழிகாட்டி விடையைச் சொல்வதில்லை, அடுத்த வினாவையே கேட்பார். எடுத்துக்காட்டாக, ஒரு குவியலிலிருந்து இருவர் மாறி மாறி ஒன்று அல்லது இரண்டு காய்களை எடுக்க, கடைசிக் காயை எடுப்பவர் வெல்லும் விளையாட்டைக் கொள்ளலாம். மூன்று காய்களில் முதலில் எடுப்பவர் தோற்பதைக் காணும் சிறுமி, ஆறிலும் அவ்வாறே நிகழ்வதைக் கண்டபின், இருபது காய்கள் முன்வைக்கப்படும்போது இரண்டை எடுத்து எதிராளிக்குப் பதினெட்டை விட்டுவைக்கக் கற்றுக்கொள்கிறாள். மூன்று காய்கள் வரை எடுக்கலாம் என்று விதி மாறினால் என்னவாகும் என்று கேட்டால், மூன்றின் மடங்கு இருந்த இடத்தில் நான்கின் மடங்கு வந்து நிற்பதை அவளே சொல்கிறாள். பாஷே 1612இல் அச்சிட்ட விளையாட்டின் உறவே இது; அன்று வித்தைக்காரரின் கையில் இருந்த மறைபொருள், இங்கே தோற்றவரின் கைக்கும் வந்து சேர்கிறது.

இவ்விழாவுக்கு ஜூலியா ராபின்சன் (1919–1985) என்ற பெயர் பொருத்தமானது. இளமையில் நோயுற்று ஈராண்டுகள் பள்ளிக்குச் செல்ல இயலாதிருந்த அவர், அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முதல் பெண் தலைவராக உயர்ந்தவர். முழு எண்களையே விடையாக வேண்டும் சமன்பாடுகள் டயோஃபான்டஸ் என்ற பண்டைய அறிஞரின் பெயரால் வழங்குகின்றன. அவருடைய நூலை 1621இல் பதிப்பித்தவரும் பாஷேயே. அத்தகைய எந்தச் சமன்பாட்டுக்கும் விடை உண்டா என்று முடிவுசெய்யும் ஒரு பொதுமுறை உண்டா என 1900இல் டேவிட் ஹில்பர்ட் எழுப்பிய வினாவில் ராபின்சன் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அத்தகைய முறை இல்லை என்பதற்கான கடைசிப் படியை 1970இல் எட்டியவர், லெனின்கிராடில் இருந்த 22 வயது இளைஞர் யூரி மத்தியாசெவிச். அக்கடைசிப் படி பற்றிய ஊகத்தைத் தாம் முன்வைத்த காலத்தில் மத்தியாசெவிச் குழந்தையாக இருந்ததையும், அவர் வளரும்வரை தாம் காத்திருக்க வேண்டியிருந்ததையும் எண்ணி மகிழ்வதாக ராபின்சன் அவருக்கு எழுதினார். பனிப்போரின் இருபுறமும் இருந்த அவ்விருவரும் பின்னர் இணைந்து ஆய்வு செய்து, 1975இல் ஒரு கட்டுரையையும் வெளியிட்டனர். தம் வாழ்நாள் வினாவுக்கு இன்னொருவர் முதலில் விடை கண்டதைத் தோல்வியாகக் கொள்ளாத அந்த மனத்தையே, அவர் பெயர் தாங்கிய மேசைகளில் அமரும் குழந்தைகளும் அறியாமலே பழகிக்கொள்கின்றனர்.