சத்யம் கணக்கு மோசடியும் நிறுவன ஆளுகையும்

சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் 1987 இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனம் ஆகும். பல ஆண்டுகளாக இலாபத்தை மிகைப்படுத்திக் காட்டியதாக, அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 சனவரி 7 அன்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் காலாண்டில் 649 கோடி ரூபாய் எனக் காட்டிய செயற்பாட்டு இலாபம் உண்மையில் 61 கோடி மட்டுமே. கணக்கேட்டில் இருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை.

ஆளுகை விதிகள் மேலோட்டமாகப் பின்பற்றப்பட்டே வந்தன. இயக்குநர் குழுவில் பெரும்பான்மையினர் சார்பற்ற இயக்குநர்கள். ஆனால், வங்கி இருப்பை உறுதிப்படுத்தும் பணியைத் தணிக்கையாளர்கள் நிருவாகத்தின் கையிலேயே விட்டிருந்தனர்.

2008 திசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. பொய்ச் சொத்தை உண்மைச் சொத்தால் நிரப்பும் கடைசி முயற்சி அது என்று ராஜு பின்னர் எழுதினார். முதலீட்டாளர்கள் எதிர்த்ததால் முடிவு உடனே கைவிடப்பட்டது. மூன்று வாரங்களில் மோசடி வெளிவந்தது.

பின்னர் வந்த 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதைத் தடுத்தது. எனினும் சத்யத்தில் குறைவாக இருந்தது சார்பற்ற இயக்குநர்களின் எண்ணிக்கை அன்று. கேள்வி கேட்கும் வழக்கமே.